கார் பேட்டரிக்கு மின்னேற்றுவோம்

சில வாரங்களாக வெளியே எடுக்கப்படாமல் நின்ற கார் ஒன்று. சாவியைத் திருப்புகிறார்கள். எஞ்சின் முழங்கவில்லை, ‘டக், டக்’ என்ற ஓசைதான் வருகிறது. முகப்பு விளக்கைப் போட்டால், எண்ணெய் வற்றிய அகல்விளக்கைப்போல் மங்கி எரிகிறது. “பேட்டரி இறங்கிப்போச்சு” என்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வண்டிகள் வாரக்கணக்கில் ஓடாமல் நின்றபோது, இந்தப் பேச்சு பல வீடுகளில் கேட்டது.

அடுத்து, பட்டறையிலிருந்தோ தெரிந்தவர் வீட்டிலிருந்தோ ஒரு சார்ஜர் வருகிறது. ஒரு பெட்டி. அதன் ஒரு பக்கம் சுவரிலுள்ள மின்செருகியில் பொருத்தும் கம்பி. மறுபக்கம் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கவ்விகள். எந்தக் கவ்வியை எங்கே மாட்டுவது? எதை முதலில் மாட்டுவது? எத்தனை மணி நேரம் விடுவது? பக்கத்தில் ஏன் தீக்குச்சி உரசக் கூடாது? ஆளுக்கு ஒரு விதி சொல்வார்கள். மனப்பாடம் செய்த விதி அவசரத்தில் மறந்துபோகும். காரணம் தெரிந்த விதி மறக்காது.

அந்தக் காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஓம் விதியும் மின்னாற்பகுப்பும் உங்கள் பாடநூலிலேயே இருக்கின்றன. அந்த இரண்டையும் கொண்டு எல்லா விதிகளையும் நீங்களே வருவித்துவிடலாம். அவற்றுள் ஒரு விதி உங்கள் கண்களைக் காப்பது. ஆகவே சற்றுக் கவனமாகப் படியுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கார் பேட்டரி என்பது ஆறு கலங்களைத் தொடராக இணைத்த பெட்டி. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6 வோல்ட், பேச்சு வழக்கில் 12 வோல்ட் பேட்டரி என்கிறோம். உங்கள் பாடநூல் இதைக் ‘காரீய அமிலச் சேமக்கலம்’ என்று குறிப்பிடும். பிரெஞ்சு இயற்பியலறிஞர் கஸ்தோன் பிளாந்தே 1859-ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். 1881-இல் கமீய் ஃபோர் என்பவர் தகடுகளின்மேல் காரீயச் சேர்மத்தைப் பசையாகப் பூசும் முறையைக் கண்டபின் இது தொழிற்சாலைகளில் செய்யத்தக்க பொருளாயிற்று. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதன் அடிப்படை மாறவில்லை.

ஒரு கலத்தில் இரண்டு வகைத் தகடுகள் உண்டு. எதிர்மின் தகட்டில் இருப்பது நுண்துளைகள் நிறைந்த காரீயம். நேர்மின் தகட்டில் இருப்பது காரீய டை ஆக்சைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. பேட்டரி மின்னோட்டத்தைத் தரும்போது இரு தகடுகளின் பரப்பும் சிறிது சிறிதாகக் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அதற்கு வேண்டிய சல்பேட்டு அமிலத்திலிருந்து வருகிறது; கூடவே நீரும் உண்டாகிறது. ஆகவே பேட்டரி இறங்க இறங்க, உள்ளிருக்கும் அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது.

மின்னேற்றம் என்பது இந்த வினையை அப்படியே பின்னோக்கித் திருப்புவதாகும். வெளியிலிருந்து எதிர்த்திசையில் மின்னோட்டத்தைச் செலுத்தினால், காரீய சல்பேட்டு மறுபடியும் ஒரு பக்கம் காரீயமாகவும் மறுபக்கம் காரீய டை ஆக்சைடாகவும் மாறுகிறது. சல்பேட்டு அமிலத்துக்குத் திரும்புகிறது, அமிலம் செறிவடைகிறது.

குடத்தில் தண்ணீர் ஊற்றுவதைப்போல பேட்டரிக்குள் மின்சாரத்தை ஊற்றி நிரப்புகிறோம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் எத்தனை எலக்ட்ரான்கள் ஒரு முனை வழியே உள்ளே போகின்றனவோ, அத்தனையும் மறுமுனை வழியே வெளியேறிவிடுகின்றன. உள்ளே சேர்வது வேதி ஆற்றல். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். குடம் நிரம்பினால் தண்ணீர் வழியும், அவ்வளவுதான். வேதிவினை முடிந்தபின்னும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் என்ன ஆகும்? அதில்தான் ஆபத்தெல்லாம் அடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

எவ்வளவு இறங்கியிருக்கிறது?

மருத்துவர் நாடி பார்த்த பிறகே மருந்து தருகிறார். நாமும் முதலில் பேட்டரியின் நிலையை அறிய வேண்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, விளக்குகள் எதுவும் எரியாதபோது, ஒரு மல்டிமீட்டரால் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்கலாம். ஏறத்தாழ 12.6 வோல்ட் இருந்தால் முழு மின்னேற்றம். 12.2 என்றால் பாதி. 12.0-க்கும் கீழே போய்விட்டால் பெரும்பாலும் காலி. 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

மேல்மூடிகளைத் திறக்கக்கூடிய பேட்டரியானால் இன்னொரு வழியும் உண்டு. அமிலம் செறிவாக இருந்தால் அதன் ஒப்படர்த்தி மிகும் அல்லவா? முழுமையாக மின்னேற்றிய நிலையில் அது 1.26 அளவிலும், பாதி இறங்கினால் 1.19 அளவிலும், முற்றிலும் இறங்கினால் 1.12 அளவிலும் இருக்கும். பட்டறைகளில் ரப்பர் குமிழுடன் கூடிய கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் குழாய்க்குள் மிதப்பதுதான் ஹைட்ரோமீட்டர். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அங்கே வேலை செய்கிறது. ஆறு கலங்களில் ஐந்து ஒரே அளவைக் காட்டி, ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால், அந்தக் கலம் பழுது. எத்தனை மணி நேரம் மின்னேற்றினாலும் பயன் இராது.

இறங்கிய பேட்டரியை “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவைப்பதும் தவறு. தகட்டில் மென்மையான நுண்படிகங்களாக இருக்கும் காரீய சல்பேட்டு, நாளாக ஆகப் பெரிய, கடினமான படிகங்களாக வளர்ந்துவிடும். பிறகு அது எளிதில் பழைய நிலைக்குத் திரும்பாது. பேட்டரிகள் இளமையில் இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சார்ஜர் என்ன செய்கிறது?

வகுப்பில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: 12 வோல்ட் பேட்டரிக்கு 12 வோல்ட் மின்மூலத்தால் மின்னேற்ற முடியுமா? பெரும்பாலோர் “முடியும்” என்கிறார்கள். சிந்தித்துப் பாருங்கள். இரண்டின் நேர்முனைகளையும் ஒன்றாக, எதிர்முனைகளையும் ஒன்றாக இணைத்தால், இரு மின்னியக்கு விசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். சம பலமுள்ள இருவர் கயிறு இழுப்பதைப்போல எந்தப் பக்கமும் நகராது. மின்னோட்டம் செல்ல வேண்டுமானால் சார்ஜரின் மின்னழுத்தம் பேட்டரியைவிட மிகுந்திருக்க வேண்டும்.

ஆகவே சார்ஜருக்கு இரண்டு வேலைகள். முதலாவது, வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை மின்மாற்றியால் பதினைந்து வோல்ட் அளவுக்குக் குறைப்பது. இரண்டாவது, மாறுதிசை மின்னோட்டத்தை டையோடுகளின் வழியே ஒரே திசையில் திருப்பிவிடுவது. மாறுதிசையாகவே விட்டால், ஒரு நொடியில் 50 முறை ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பேட்டரி சூடாகுமேயன்றி மின்னேறாது.

ஒரு கணக்குப் போடுவோம். சார்ஜர் 15 வோல்ட். பேட்டரி 12 வோல்ட். கம்பிகள், சார்ஜர், பேட்டரி எல்லாவற்றின் மின்தடையும் சேர்த்து 0.5 ஓம் என்று கொள்வோம். வேறுபாடு 3 வோல்ட். அதை 0.5 ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். மின்னேற ஏறப் பேட்டரியின் மின்னழுத்தம் 14 ஆகிறது. இப்போது வேறுபாடு 1 வோல்ட்தான். மின்னோட்டம் 2 ஆம்பியராகிறது. சார்ஜரிலுள்ள அம்மீட்டரின் முள் நேரம் ஆக ஆகக் கீழே இறங்குவதன் மருமம் இதுதான். அது சார்ஜர் சோர்ந்துபோனதன் அறிகுறியன்று. பேட்டரி தேறிவருவதன் அறிகுறி.

இப்போது கவ்விகளை மாற்றி மாட்டிவிட்டதாகக் கொள்ளுங்கள். இரு மின்னழுத்தங்களும் எதிர்ப்பதற்குப் பதில் கூடிவிடும். 15-உம் 12-உம் சேர்ந்து 27 வோல்ட். 0.5 ஓமில் 54 ஆம்பியர்! சார்ஜரில் உருகி இருந்தால் அது உருகித் தன்னைத் தியாகம் செய்யும். இல்லையென்றால் டையோடுகள் கருகும். சிவப்பு நேர்முனைக்கு, கறுப்பு எதிர்முனைக்கு. கம்பியின் நிறத்தை மட்டும் நம்பாமல், பேட்டரியின் முனையருகே பொறித்துள்ள + குறியையும் − குறியையும் துடைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

எவ்வளவு மின்னோட்டம்? எவ்வளவு நேரம்?

பேட்டரியின் மேல் 35 ஆம்பியர்-மணி, 40 ஆம்பியர்-மணி என்று கொள்ளளவு எழுதியிருக்கும். அந்த எண்ணில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது நெடுங்காலமாகக் கையாளப்படும் பாதுகாப்பான அளவு. 40 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு 4 ஆம்பியர். அது பாதி இறங்கியிருந்தால் 20 ஆம்பியர்-மணியைத் திருப்பித் தர வேண்டும். 4 ஆம்பியரில் 5 மணி நேரம். செலுத்தும் மின்னோட்டம் முழுவதும் பயன்படாது. ஒரு பகுதி வீணாகும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

“20 ஆம்பியர் விட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமே?” என்று கேட்பீர்கள். வினை நடப்பது தகட்டின் நுண்துளைகளுக்குள். அங்கே உண்டாகும் அமிலம் வெளியே பரவி வர நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் தகடு சூடேறி வளையும். பூசிய பசை உதிர்ந்து அடியில் படியும். தொட்டுப் பார்த்துக் கை பொறுக்காத சூடு தெரிந்தால், உடனே மின்னேற்றத்தை நிறுத்திவிட வேண்டும்.

இதே காரணத்தால்தான் இருசக்கர வண்டியின் பேட்டரியைக் கார் சார்ஜரில் மாட்டக் கூடாது. அதன் கொள்ளளவு 5 ஆம்பியர்-மணி என்றால், அதற்கு ஏற்றது அரை ஆம்பியர் மட்டுமே. யானைக்கு ஊட்டும் கவளத்தைக் குழந்தைக்கு ஊட்டலாமா?

குமிழி விடும் பேட்டரி

சற்று முன் தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். காரீய சல்பேட்டு ஏறக்குறைய முழுவதும் மாறிவிட்டது. சார்ஜரோ இன்னும் மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டிருக்கிறது. மாற்றுவதற்குச் சல்பேட்டு இல்லையென்றால் அந்த மின்னோட்டம் எதைச் செய்யும்? உள்ளிருக்கும் நீரைப் பிரிக்கும்! பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் செய்த அதே நீரின் மின்னாற்பகுப்பு, பேட்டரிக்குள் நடக்கிறது. எதிர்மின் தகட்டில் ஹைட்ரஜனும், நேர்மின் தகட்டில் ஆக்சிஜனும் குமிழிகளாகக் கிளம்புகின்றன. ஒரு கலத்துக்கு 2.4 வோல்ட், அதாவது பேட்டரிக்கு 14.4 வோல்ட் அளவை எட்டும்போது இது நன்றாகத் தெரியும். “பேட்டரி கொதிக்கிறது” என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். வெப்பத்தால் வரும் கொதிப்பு அன்று இது.

எவ்வளவு வாயு வரும்? ஃபாரடேயின் விதியைக் கொண்டு கணக்கிடலாம். ஒரு கலத்தில் 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் நீரைப் பிரித்தால் ஏறத்தாழ 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். ஆறு கலங்களும் தொடராக இருப்பதால் ஒவ்வொன்றிலும் அதே அளவு, மொத்தம் 2.5 லிட்டர். இது 0 டிகிரி செல்சியஸில் உள்ள கணக்கு. நம் ஊர் வெப்பத்தில் இன்னும் சற்று மிகும். நிரம்பிய பேட்டரியில் 5 ஆம்பியரை ஒரு மணி நேரம் விட்டால் 12.5 லிட்டர் ஹைட்ரஜன்! அதனுடன் அதில் பாதியளவு ஆக்சிஜன்.

காற்றில் கன அளவில் 4 விழுக்காடு முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் அது தீப்பற்றும். இவ்வளவு அகன்ற எல்லையுள்ள வாயுக்கள் மிகச் சில. பற்றவைக்க நெருப்பும் வேண்டாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு மின்பொறியே போதும். பேட்டரியின் மூடிக்குக் கீழே இருக்கும் வாயு இன்னும் கொடியது. அங்கே ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. அதாவது நீராவதற்கு வேண்டிய சரியான விகிதம். சோதனைக் குழாயில் அந்தக் கலவை ‘பப்’ என்று வெடிப்பதை நீங்கள் கேட்டு ரசித்திருப்பீர்கள். பேட்டரிக்குள் அதே வெடிப்பு நிகழ்ந்தால் பெட்டி சிதறும். உள்ளிருக்கும் அமிலம் அருகில் குனிந்து நிற்பவரின் முகத்தில் தெறிக்கும். பேட்டரியால் கண்ணிழந்தவர்கள் உண்டு. அதற்குக் காரணமானது பெரும்பாலும் ஒரு சிறு பொறிதான்.

கடைசிப் பொறி எங்கே விழ வேண்டும்?

மின்சுற்றை மூடும்போதும் திறக்கும்போதும் பொறி தோன்றக்கூடும். கவ்வியை மாட்டும் வரிசையின் முழு நோக்கமும் இதுதான்: பொறி தோன்றாமல் பார்த்துக்கொள்வது, தோன்றினாலும் பேட்டரிக்கு அப்பால் தோன்றச் செய்வது.

முதற்படி, கவ்விகளை மாட்டும்போதும் கழற்றும்போதும் சார்ஜரின் சுவர்ச் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். இரண்டாம் படி, சிவப்புக் கவ்வியை முதலில் பேட்டரியின் நேர்முனையில் மாட்ட வேண்டும். மூன்றாம் படி, கறுப்புக் கவ்வி. பேட்டரி காரிலேயே இருந்தால், கறுப்புக் கவ்வியைப் பேட்டரியின் எதிர்முனையில் மாட்டாமல், அதற்குத் தள்ளி, எஞ்சின் அல்லது காரின் உடற்சட்டத்தில் சாயம் பூசாத கனத்த உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை உடற்சட்டத்தோடு இணைந்திருக்கிறது. ஆகவே மின்சுற்று அதன் வழியே நிறைவு பெறும். சுற்றை நிறைவு செய்யும் கடைசித் தொடுகையில்தான் பொறி வரும். அது இப்போது வாயு கிளம்பும் இடத்திலிருந்து விலகி நிற்கிறது. எரிபொருள் செல்லும் குழாயருகே மட்டும் மாட்டிவிடக் கூடாது.

கழற்றும்போது இதற்கு நேர் எதிரான வரிசை. முதலில் சுவிட்சை அணையுங்கள். சில நிமிடங்கள் வாயு கலைய விடுங்கள். பிறகு கறுப்பு, கடைசியில் சிவப்பு.

பேட்டரியையே காரிலிருந்து எடுக்கும்போது எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றச் சொல்வதும் இதைப் போன்றதே. எதிர்முனை இணைந்திருக்கையில் நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் காரின் உடலைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். அந்தப் பாதையின் மொத்த மின்தடை 0.01 ஓம் என்று கொண்டால், மின்னோட்டம் 1,200 ஆம்பியர்! ஸ்பேனர் பழுக்கும், பொறி பறக்கும். கையில் மோதிரமோ உலோக வளையலோ இருந்து அது சுற்றில் அகப்பட்டால் விரலே வெந்துபோகும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 12 வோல்ட் உலர்ந்த கையில் அதிர்ச்சி தராது. ஏனெனில் உடலின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். ஆனால் அதே 12 வோல்ட், தடை குறைந்த உலோகத்தின் வழியே நெருப்பை உண்டாக்கும். உயிரைக் குடிக்கக்கூடிய அதிர்ச்சி இருப்பது சார்ஜரின் மறுபக்கத்தில், 230 வோல்ட் பக்கத்தில். ஆகவே நில இணைப்புள்ள மூன்று முனைச் செருகியையே பயன்படுத்த வேண்டும். ஈரத் தரையிலோ மழையிலோ சார்ஜரை வைக்கக் கூடாது. உறை கிழிந்த கம்பியை ஒட்டுப்போட்டு ஓட்டவும் கூடாது.

செய்முறை

உங்கள் வீட்டில் மின்னேற்றம் நடக்கும்போது பெரியவர் ஒருவருடன் சேர்ந்து இந்த வரிசையைச் சரிபாருங்கள்.

1. காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். ஹைட்ரஜன் காற்றைவிட ஏறத்தாழ 14 மடங்கு இலேசானது. மேலே எழும்பிக் கூரையடியில் தேங்கும். மூடிய அறை, சமையலறை, விளக்கும் ஊதுவத்தியும் எரியும் பூசையறை ஆகியவை ஆகா. மின்விசிறி வேண்டுமானால் மின்னேற்றம் தொடங்குமுன்பே போட்டுவிடுங்கள். இடையில் சுவிட்சைத் தட்டினால் அங்கும் பொறி உண்டு.

2. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். பேட்டரியின் மேல் முகத்தை நீட்டிக் குனியாதீர்கள்.

3. காரின் விளக்குகள், வானொலி எல்லாவற்றையும் அணையுங்கள். இன்றைய கார்களில் கணிப்பொறிச் சுற்றுகள் உள்ளன. பேட்டரியைக் கழற்றியபின் மின்னேற்ற வேண்டுமா, கழற்றாமலே ஏற்றலாமா என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துச் செய்வது நல்லது.

4. முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை அல்லது நீலப் பொடியை ஈரத் துணியால் துடையுங்கள். அது மின்தடையைக் கூட்டும். தோலிலும் படக் கூடாது.

5. மூடி திறக்கும் பேட்டரியானால் நீர்மட்டத்தைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் வடித்த நீர் ஊற்றுங்கள். குறியீட்டுக் கோடு வரை ஊற்றுவது மின்னேற்றம் முடிந்தபின். முன்பே ஊற்றினால் குமிழிகளால் பொங்கி வழியும். குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். அமிலமும் ஊற்றக் கூடாது. ஏன் தெரியுமா? குமிழியாகப் போனது நீர் மட்டுமே. அமிலம் உள்ளேயே இருக்கிறது.

6. சார்ஜரில் 6 வோல்ட், 12 வோல்ட் என்ற தெரிவு இருந்தால் சரியானதில் வையுங்கள். முன்னே சொன்ன வரிசையில் கவ்விகளை மாட்டுங்கள். பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

7. பழைய வகைச் சார்ஜர் தானே நிற்காது. மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை பார்த்தும் மின்னழுத்தமும் ஒப்படர்த்தியும் மாறாமல் இருந்தால் மின்னேற்றம் முடிந்தது என்று பொருள். இரவு மாட்டிவிட்டு உறங்கப் போவது கூடாது.

இன்று கிடைக்கும் தானியங்கிச் சார்ஜர்கள் இந்தக் காவலைத் தாமே செய்கின்றன. முதலில் மாறாத மின்னோட்டம் தந்து, 14.4 வோல்ட் அளவை எட்டியதும் மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்தி மின்னோட்டத்தைக் குறையவிட்டு, இறுதியில் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிப் பேட்டரியை நிரம்பிய நிலையிலேயே காக்கின்றன. நல்ல கருவிதான், ஆனால் அது வாயுவைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்கிவிடாது. கவ்வி வரிசையும் காற்றோட்டமும் அதற்கும் வேண்டும்.

அமிலம் பட்டுவிட்டால்

தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால், கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு குறைந்தது 15 நிமிடம் சுத்தமான நீரால் இடைவிடாது கழுவியபின், நேரே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். “எரிச்சல் நின்றுவிட்டதே” என்று இருந்துவிடக் கூடாது. சமையல் சோடா அமிலத்தை நடுநிலையாக்கும் என்பது உண்மை. தரையில் சிந்திய அமிலத்தின் மேல் அதைத் தூவலாம். கண்ணில் ஒருபோதும் இடக் கூடாது. மின்னேற்றத் தொடங்கும் முன்பே ஒரு வாளி நல்ல தண்ணீரை அருகில் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

எல்லாப் பேட்டரியும் ஒன்றல்ல

இதுவரை சொன்னது மூடி திறக்கும் காரீய அமிலப் பேட்டரிக்கு. வீட்டு இன்வெர்ட்டர்களோடு இருக்கும் பெரிய பேட்டரிகளும் பெரும்பாலும் இந்த இனமே. கட்டிலடியிலோ அடைத்த அலமாரியிலோ அவற்றை வைக்கக் கூடாது என்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

இன்னொரு வகையில் அமிலம் கண்ணாடியிழைப் பஞ்சில் ஊறியிருக்கும். அதில் உண்டாகும் ஆக்சிஜன் எதிர்மின் தகட்டை அடைந்து மீண்டும் நீராகிவிடும். ஆகவே நீர் ஊற்றத் தேவையில்லை, ஊற்றவும் வழியில்லை. அளவுக்கு மீறி மின்னேற்றினால் அதன் தடுக்கிதழ் திறந்து வாயு வெளியேறும். போன நீரைத் திருப்பித் தர முடியாது. அதற்கென அமைந்த நிலையுள்ள சார்ஜரே ஏற்றது. லித்தியம் பேட்டரியைக் காரீய அமிலச் சார்ஜரில் மாட்டவே கூடாது; அதன் வேதியியல் வேறு, மின்னழுத்த எல்லைகள் வேறு, தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

பழுதான பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். காரீயம் நஞ்சு, சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கு நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்தன. 2022-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. பேட்டரியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவருகே போகாதீர்கள்.

நிற்கும் கார் ஏன் இறங்குகிறது?

சாவியை எடுத்தபின்னும் காரின் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைச் சுற்றும் சிறிது மின்னோட்டத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது 0.03 ஆம்பியர் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஏறத்தாழ 28 நாளில் பாதியாகிவிடும். நீண்ட நாள் ஊருக்குப் போகிறவர்கள் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பதன் காரணம் இதுவே.

உங்களுக்கு ஒரு கணக்கு

ஒருவர் ஏற்கெனவே நிரம்பிய பேட்டரியைத் தெரியாமல் 5 ஆம்பியரில் மாட்டிவிட்டு, இரவு 8 மணி நேரம் உறங்கிவிட்டார். மின்னோட்டம் முழுவதும் நீரைப் பிரித்தது என்று கொள்க. ஆறு கலங்களிலும் சேர்த்து 1 ஆம்பியர்-மணிக்கு 2.5 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும்; 2 கிராம் நீர் குறையும். அப்படியானால் எவ்வளவு ஹைட்ரஜன் வெளிவந்தது? எவ்வளவு நீர் போயிற்று? அந்த ஹைட்ரஜன் சீராகப் பரவினால், எவ்வளவு பெரிய அறையின் காற்று தீப்பற்றும் எல்லையான 4 விழுக்காட்டை எட்டும்?

விடை: 100 லிட்டர் ஹைட்ரஜன்; 80 கிராம் நீர்; 2,500 லிட்டர் காற்று. அதாவது ஒரு மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் தரையும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சிறு அறை. உங்கள் வீட்டில் பேட்டரி வைத்திருக்கும் இடத்தை இன்றே அளந்து, அதன் சன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.